கால் தெரிந்தால்தான் அபிவாதயே

அவளுக்கு வேலை நிரந்தரமாகாமல் போனதற்குக் காரணம் ஒரு வழுக்கைத் தலை. இதை யாரிடம் சொன்னாலும் நான் கதை விடுகிறேன் என்றுதான் நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வகுப்பிலிருந்து கண்ணால் பார்த்தவள் நான்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன தனியார் ஆரம்பப் பள்ளி. நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். இன்றைக்கும் அதே இரண்டாம் வகுப்புதான், மின்விசிறி மட்டும் மாறியிருக்கிறது. கொரோனா முடிந்து பள்ளி திறந்த புதிதில் மூன்றாம் வகுப்புக்கு அவள் வந்தாள். இரண்டு வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு பிளைவுட் தட்டிதான். அவள் அங்கே தும்மினால் இங்கே என் பிள்ளைகள் நூறு வயசு என்பார்கள்.

தற்காலிக நியமனம். ஒரு வருஷம் பிரச்சினையில்லாமல் ஓட்டினால் ஜூனில் நிரந்தரம் என்று தாளாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஜூனுக்காக அவள் எப்படிக் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அப்பா போன பிறகு கைலாசபுரத்துக் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மாவை அழைத்துக்கொண்டு திருவானைக்கோவிலில் ஒரு மாடி போர்ஷனுக்கு வந்திருந்தாள். வேலை நிரந்தரமானால்தான் அந்த வீட்டில் காலூன்ற முடியும்.

அவள் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கே இருந்தாலும் பஸ் ஏறி வந்து உதைப்பாள். தன் பேரை வெளியாளுக்குச் சொல்லவே மாட்டாள், அதுதான் அவள். ஜூஸ் கடையில் சொல்ல மாட்டாள், கூரியர்காரனிடம் சொல்ல மாட்டாள், ரயிலில் எதிர் சீட்டுப் பாட்டி கேட்டால் தூங்குவது போல நடிப்பாள். ரீசார்ஜ் கடையில் நாமெல்லாம் தொண்டை கிழிய நம்பர் சொல்லுவோம் இல்லையா? அவள் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டி, வேலை முடிந்ததும் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். கடைக்காரப் பையன் என்னைப் பார்த்து, "அக்கா போலீஸாங்க?" என்று கேட்டான்.

கோவிலில் அதற்கு மேல். சமயபுரத்தில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறோம். குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்கிறார். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் குடும்பத்தில் பிறந்தது, பிறக்கப் போவது வரைக்கும் ஒப்பித்துவிட்டுப் போனார்கள். இவள், "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன்டி, மாரியம்மாவுக்குமா உன் பேரு தெரியக்கூடாது?"

"அம்மாவுக்குத் தெரியும்டி. பின்னாடி நிக்கிறவனுக்குத் தெரிய வேணாம்."

ஏன் இப்படி என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லுவாள். குவார்ட்டர்ஸில் வளர்ந்ததால் என்பாள். அங்கே ஒரு வீட்டில் வாந்தி எடுத்தால் நாலாவது தெருவில் எலுமிச்சம்பழம் நறுக்குவார்களாம். இன்னொரு நாள், யாரோ அவள் போட்டோவைப் போட்டு அவள் பேரிலேயே இணையத்தில் கணக்கு ஆரம்பித்து, அவள் சித்தப்பாவுக்கே குட் மார்னிங் அனுப்பியதாகச் சொன்னாள். எது நிஜமோ. இரண்டுமே பொய்யாகக்கூட இருக்கும்.

சரி, தன் பேரைச் சொல்லாதவள் சும்மா இருந்தாளா? என் பேரைச் சொன்னாள்! ராஜகோபுரத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் பார்சலுக்கு என் பேர். செருப்புக் கடையில் என் பேர். ஸ்ரீரங்கத்துக் கடைத்தெருவில் பாதிப் பேருக்கு என் பேர் தெரியும், ஆனால் அது என் முகத்துக்கு உரியது என்று தெரியாது. கத்தினேன், சண்டை போட்டேன். "உனக்கு அழகான பேருடி, வீணாப் போகுதேன்னு சொல்றேன்" என்பாள். கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருக்க எனக்குத்தான் துப்பில்லை.

ஒரு ஆடித் தள்ளுபடியில் சின்னக்கடை வீதி ஜவுளிக்கடை ஒன்றில் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். வாங்கியது அவள், எழுதியது என் பேர், என் நம்பர். ஒரு வாரம் கழித்து எனக்குப் போன். மேடம் உங்களுக்குக் குக்கர் விழுந்திருக்கு என்றான் ஒருவன். அவளோடு பழகிப் பழகி நானும் உஷார் பேர்வழி ஆகியிருந்தேனே, "வைடா போனை, உங்கொப்பன் வீட்டுக் குக்கரு" என்று கிழித்துவிட்டேன். பாவம், அது நிஜமாகவே கடைக்காரன். மறுநாள் ஆதார் அட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அசடு வழிய வாங்கி வந்தோம்.

பஸ்ஸில் வரும்போதே தகராறு. துணி வாங்கினது நான், குக்கர் எனக்கு என்றாள். விழுந்தது என் பேருக்கு, திட்டு வாங்கினது என் வாய்க்கு என்றேன். கடைசியில் பெட்டியைப் பிரித்து, மூடியின் தலையில் இருந்த வெயிட்டை மட்டும் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "பாதி எனக்கு. விசில் வேணும்னா என்கிட்ட வா." பைத்தியக்காரி! வேறு வெயிட் வாங்கித்தான் நான் அதில் பருப்பு வேகவைத்தேன். வெயிட் அவளிடம் இருக்கிற விஷயத்தை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை, தொலைந்துபோனது என்றேன்.

இப்படிப்பட்டவள் கையில்தான் எங்கள் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் அந்த வகுப்பைக் கொடுத்தார்கள். ஆன்லைன் கிளாஸ் என்று வீட்டுக்கு வீடு போன் வாங்கிக் கொடுத்து, கிளாஸ் முடிந்த பிறகு போனைத் திரும்பப் பிடுங்க முடியாமல் அம்மாக்கள் அழுதுகொண்டிருந்த காலம். இணையத்தில் ஜாக்கிரதையாக இருப்பதைப் பற்றி வாரம் ஒரு பீரியட் நடத்த வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். யாரும் முன்வரவில்லை. புதிதாக வந்தவள் தலையில் கட்டினார்கள்.

மற்றவர்களாக இருந்தால் போர்டில் நாலு வரி எழுதிப் போட்டு முடித்திருப்பார்கள். அவள் வீட்டிலிருந்து பழைய மாம்பழக் கலர் நைலக்ஸ் புடவை ஒன்றைக் கொண்டுவந்து வகுப்பின் குறுக்கே கொடி கட்டித் தொங்கவிட்டாள். பின்னால் ஒரு ஆள். முன்னால் பிள்ளைகள். பின்னால் இருப்பவர் சீட்டில் எழுதித் தள்ளுவார். இவர்கள் பதில் எழுதித் தள்ள வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. பிள்ளைகள் அதற்குப் புடவை கிளாஸ் என்று பேர் வைத்தார்கள்.

முதல் நாள் வந்த சீட்டு: "என் வயசு எட்டு. எனக்குப் பூனைக்குட்டி பிடிக்கும். நீ என் பிரெண்டா?" பெண் பிள்ளைகள் உருகிவிட்டார்கள். பிடித்த மிட்டாய், டான்ஸ் கிளாஸ் போகிற வழி, அம்மா வேலைக்குப் போகிற நேரம் எல்லாம் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் புடவையை விலக்கினால், கிடா மீசையோடு எங்கள் வாட்ச்மேன் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு குழந்தைகள் ஓவென்று அழுதுவிட்டன. வாட்ச்மேன் பதறிப்போய், "பூனைக்குட்டி நெசமாவே பிடிக்கும்மா" என்றார்.

அந்த ஆள் சாதாரணப்பட்டவர் இல்லை. குரல் மாற்றிப் பேசுவதில் கெட்டிக்காரர். சில வாரம் புடவைக்குப் பின்னால் பெரிய டீச்சர் குரலில் பேசி, நாளைக்கு லீவு, இப்பவே கிளம்பலாம் என்று அறிவித்ததில், மூன்றாம் வகுப்பு முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது. பெரிய டீச்சருக்கு மட்டும் இது தெரியாது.

அவள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வாக்கியத்தையும் முழுசாகச் சொல்ல மாட்டாள். கடைசி வார்த்தையைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவாள். "போட்டோவைப் பார்த்தா ஆளைப் பார்த்ததா..." என்று இழுப்பாள். "ஆகாது மிஸ்!" என்று கூரை பறக்கும். "தெரியாத ஆளு பேர் கேட்டா..." "சொல்லக்கூடாது மிஸ்!" "யாராயிருந்தாலும் முதல்ல..." "கேக்கணும் மிஸ்!" தட்டிக்கு இந்தப் பக்கம் நான் வாய்ப்பாடு நடத்த முடியாது. என் பிள்ளைகளும் சேர்ந்து கத்தும்.

ஒரு வாண்டு கேட்டது: "மிஸ், கேம்ல என் பேரு டிராகன் ராஜா. அது பொய்யா மிஸ்?"

"மாறுவேடப் போட்டியில போலீஸ் வேஷம் போட்டியே, அது பொய்யா?"

"இல்ல மிஸ். பிரைஸ் வாங்கினேன்."

"அதே வேஷத்தோட போயி காவேரிப் பாலத்துல நின்னு வண்டிய நிறுத்தி லைசென்ஸ் கேட்டா?"

"பொய் மிஸ்."

"அவ்வளவுதான். வேஷம் போடலாம், யாரையும் ஏமாத்தக்கூடாது. உன் எதிர்ல நிக்கிற டிராகனும் வேஷம்தான்னு மறக்கக்கூடாது." தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சாக்பீஸோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்து, பிள்ளையையும் குழப்பியிருப்பேன்.

இனிமேல்தான் அந்தப் பையன். உத்திர வீதியில் பரம்பரையாக இருக்கிற ஐயங்கார் வீடு. அப்பாவுக்குப் பெங்களூரில் வேலை, இங்கே அம்மாவும் தாத்தாவும். பூணூல் போட்டுக் கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டில் பூணூல் போட்ட பையன் பெரியவர்களைச் சேவிக்கும்போது, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, இன்ன ரிஷிகள் வழி, இன்ன கோத்திரம், இன்ன பேருடைய நான் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். அதற்கு அபிவாதயே என்று பேர். தாத்தா உட்கார வைத்து உருப்போட வைத்திருந்தார்.

புடவை கிளாஸில் அன்றைக்கு இவன் முறை. பின்னாலிருந்து வாட்ச்மேன் கனத்த குரலில், "நீ யாருப்பா?" என்றார். பையன் விறைத்து எழுந்தான். காதைப் பொத்தினான். புடவையைப் பார்த்து அபிவாதயே முழுசும் சொல்லித் தடாலென்று விழுந்து சேவித்தான். எழுந்து, போனஸாகத் தமிழிலும் சொன்னான்: எந்தத் தெரு, எந்த வீடு, தாத்தா பேர், அப்பா சனிக்கிழமைதான் வருவார். பின்னாலிருந்து வாட்ச்மேன் செய்வதறியாமல், "நல்லா இருப்பா தம்பி" என்று ஆசீர்வாதம் செய்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பையனை அருகில் அழைத்தாள். "இதை போன்லயும் யாருக்காச்சும் சொல்லியிருக்கியாடா?"

"சொல்லியிருக்கேன் மிஸ். கேம்ல ஒரு அண்ணா நீ யாருன்னு கேட்டார். பெரியவா கேட்டா சொல்லணும்னு தாத்தா சொல்லியிருக்கார்."

"காதைப் பொத்திக்கிட்டா?"

"ஹெட்போன் மேலயே பொத்திண்டேன் மிஸ்."

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். அம்மா விஷயம் கேட்டதும் அந்த விளையாட்டை அங்கேயே போனிலிருந்து எடுத்துப் போட்டாள். தாத்தாதான் முறைத்தார். "கொழந்தைக்கு ஆசாரம் சொல்லிக் குடுக்கறது தப்புங்கறேளா?"

"ஐயோ, தப்பே இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க சேவிக்கிறது எதைங்க?"

"திருவடியை."

"போன்ல திருவடி தெரியுதுங்களா?"

தாத்தா தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பேஷ்! டேய், கேட்டுக்கோ. கால் தெரிஞ்சாத்தான் அபிவாதயே!" அடுத்த வாரம் கோவிலில் இதைத் தன் சொந்தச் சரக்கு போல நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நானே கேட்டேன்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டு வந்தாள். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னதுதான். அம்மாவும் பிள்ளையும் மட்டும் அறிந்த ஒரு கேள்வி வைத்துக்கொள்ள வேண்டும். புது ஆள் யார் வந்து கூப்பிட்டாலும், போனில் வந்தாலும் நேரில் வந்தாலும், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் வந்தால் சரி, வராவிட்டால் நகரக்கூடாது. என்ன கேள்வி என்று தனக்கே தெரியக்கூடாது என்பாள்.

மார்ச் கடைசி. வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலை பத்தரை மணிக்குக் கேட்டில் ஒரு மனிதர். அரைக்கால் சட்டை, கூலிங் கிளாஸ், தலை பளபளவென்று. நான் பையனின் தாய்மாமா, வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறேன், கோவிலில் பெருமாள் சேவைக்கு ஏற்பாடு பண்ணியாச்சு, நடை சாத்துவதற்குள் போக வேண்டும், சாயங்காலம் எனக்கு ஃபிளைட் என்றார். கோத்திரம் சொன்னார், தாத்தா பேர் சொன்னார். பெரிய டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். ஆமாம், என் மாட்டுப்பெண்ணோட தம்பிதான், அனுப்புங்கோ என்று தாத்தாவே பேசினார்.

"அது தாத்தாதான்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்றாள் அவள்.

"குரல் தெரியாதாம்மா எனக்கு?"

"குரல் ஆதாரமில்ல டீச்சர்." வாட்ச்மேனைப் பார்த்தாள். வேண்டாம்மா என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் விடவில்லை. வேறு வழியில்லாமல் அவர் பெரிய டீச்சர் குரலில், "பிள்ளைங்களா, நாளைக்கு லீவு" என்றார். பெரிய டீச்சர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பையனை அழைத்து வந்தார்கள். மாமா கையை விரித்து, "கண்ணா, வா வா" என்றார். பையன் அவள் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"எங்க மாமாவுக்கு முடி இருக்கும்."

"டேய், நாந்தாண்டா! வாராவாரம் வீடியோ கால்ல பேசறேனே!"

"அந்த மாமாவுக்கு நெத்தி வரைக்கும் முடி. மூக்கும் சின்னது."

மனிதர் தயங்கினார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்து எதையோ தட்டினார். திரையில் அவர் தலையில் கருகருவென்று முடி முளைத்தது. மூக்கு மெலிந்தது. ஜன்னலெல்லாம் பிள்ளைகள். ஹோவென்று ஒரே கூச்சல்.

வாட்ச்மேனுக்கு ஆசை தாங்கவில்லை. "சார், எனக்கும் ஒரு தடவை..." என்று தலையை நீட்டினார். அவருக்கும் அதே முடி, அதே மூக்கு. பையன் கூவினான்: "பாருங்கோ மிஸ்! வாட்ச்மேன் அண்ணாவும் மாமா ஆயிட்டார்!"

எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. ஆனால் மாமா சிரிக்கவில்லை. பையன் நிதானமாகத் தன் கேள்வியைக் கேட்டான். "அக்காரவடிசல் உருளியை வழிச்சு வழிச்சுத் தின்னது யாரு?" மனிதர் முதலில் அத்தை என்றார், நீதான் என்றார், பூனை என்றார். அக்காவுக்குப் போன் போட்டார். அவளோ கோவில் வரிசையில் இவர்களுக்காக இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், போன் அணைந்திருக்கிறது. அக்கா காத்திருந்து பார்த்து, வீட்டுக்கு ஓடி, தாத்தாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. அதுவரை மனிதர் வெயிலில் நின்றார். என் சிநேகிதி மோர் வாங்கிக் கொடுத்தாள், நாற்காலி போட்டாள். பையனை மட்டும் கொடுக்கவில்லை.

அம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பதிலைக் கத்தினாள். "தாத்தாடா! தாத்தா!"

பின்னாலேயே தாத்தா இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வியாதி என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். இனிப்பை விட்டு வருஷக்கணக்காகிறது என்று அவர்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கேட்டில் நின்ற கூட்டம் அவரையே பார்த்தது.

புகார் மறுநாளே வந்தது. சேவை போயிற்று என்பது மாமாவின் குறை. தாத்தாவின் குறை என்ன என்று புகாரில் இல்லை, எங்களுக்குத் தெரியும். தாளாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அடுத்த வருஷ அட்மிஷன் நேரம். அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "டீச்சர், பிள்ளைங்க முன்னாடி ஒரு மன்னிப்பு. அப்புறம், பெரியவங்க வந்து சொந்தம்னு சொன்னா நம்பணும்னு ஒரு வார்த்தை. ஜூன்ல உங்க ஆர்டர் கைக்கு வந்துடும்."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன், சொல்லிடுவியா என்று.

"சொல்லிடுவேன்டி. அம்மாவை வச்சுக்கிட்டு வீறாப்பா பேச முடியுமா? ஒரு வரிதானே."

"சொல்லிடு தாயே" என்றேன். மனதார வேண்டிக்கொண்டுதான் படுத்தேன்.

மறுநாள் மூன்றாம் வகுப்பில் தாளாளர், பெரிய டீச்சர், தாத்தா. மாமா ஊருக்குப் போய்விட்டதால் வீடியோ காலில். தாத்தா போனை உயர்த்திப் பிடித்திருந்தார். நான் தட்டியின் இடுக்கு வழியாகப் பார்க்கிறேன்: திரையில் நெற்றி வரைக்கும் முடி! அந்த மனுஷன் மன்னிப்பு வாங்கவும் அந்த முடியோடுதான் வந்திருந்தார்.

அவள் போனைப் பார்த்துக் கை கூப்பினாள். "சார், உங்களை வெயில்ல நிக்க வச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. சேவை போனதுக்கும் வருத்தப்படறேன்." உண்மையாகத்தான் சொன்னாள். போனில் முடி அசைந்தது. தாளாளர் திருப்தியாகத் தலையாட்டி, அடுத்தது என்பது போலக் கை காட்டினார்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"பிள்ளைங்களா, பெரியவங்க யாராச்சும் வந்து, நான் உனக்குச் சொந்தம்னு சொன்னா..."

மூச்சு வாங்கத்தான் நிறுத்தினாளா, தெரியாது. வகுப்பு விடவில்லை. மூன்றாம் வகுப்பு முழுக்க, தட்டிக்கு இந்தப் பக்கம் என் இரண்டாம் வகுப்பும் சேர்ந்து, தொண்டை கிழிய:

"கேக்கணும் மிஸ்!"

பெரிய டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்கள். தாளாளர் இன்னும் காத்திருந்தார். இல்லை பிள்ளைகளா, நம்பணும் என்று அவள் திருத்தியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. நான் தட்டிக்குப் பின்னால் சொல்லுடி, சொல்லுடி என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அவள் முன் பெஞ்சில் நின்ற அந்தப் பையனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் சந்தேகத்தோடு.

"ரொம்ப சரி" என்றாள். "எல்லாரும் உக்காருங்க."

ஜூனில் ஆர்டர் வரவில்லை. வேணும்னே நிறுத்தினியாடி என்று கேட்டேன். "பழக்க தோஷம்" என்றாள். நான் அழுதேன், அவள் அழவில்லை, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமாவைத் திட்டினேன், தாத்தாவைத் திட்டினேன், அக்காரவடிசலைக்கூடத் திட்டினேன். அம்மாவை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனாள். நம்பர் மாறிவிட்டது. அவள் பேரில் எதிலும் தேட முடியாது, தேடினால் கிடைக்கிற மாதிரி அவள் எங்கே எதை வைத்தாள்? புடவையை மட்டும் கொடியிலேயே விட்டுப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் இப்போது அதை நான் கட்டுகிறேன். வாட்ச்மேனுக்கு மீசை நரைத்துவிட்டது, பூனைக்குட்டி இன்னும் பிடிக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போட்டோ இல்லாத, பேர் இல்லாத ஒரு நம்பரிலிருந்து செய்தி: "எப்படி இருக்கே? நான்தான்."

அவளேதான் என்று தோன்றியது. ஆனாலும் யாரிடம் பழகியவள் நான்? "குக்கர்ல பாதி எங்க இருக்கு?" என்று அனுப்பினேன். ஏமாற்றுக்காரனாக இருந்தால் முழிக்கட்டும்.

 பிறகு பதில் வந்தது. "நான் ஏன் சொல்லணும்? உன் போனை வேற யாராச்சும் எடுத்து அடிக்கலாம்ல? முதல்ல நீ யாருன்னு சொல்லு. அந்தக் குக்கர் யார் பேருக்கு விழுந்துச்சு? பேரைச் சொல்லு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவசரமாக என் பேரை அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றது. அழித்தேன்.

"சொல்ல மாட்டேன் போடி" என்று அனுப்பினேன்.

அடுத்த நொடி ஒரு போட்டோ வந்தது. ஒரு உள்ளங்கை, அதில் கறுத்துப்போன குக்கர் வெயிட். கீழே எழுதியிருந்தாள்:

"ரொம்ப சரி. உக்காரு."